வடிவாய்ப் பார்த்த ஏழு சோடிகள்

நத்தார் விருந்தில், கிறிஸ்துமஸ் மரத்தடியில், புதிதாய் வேலைக்கு வந்த நீங்கள் மூன்று பேரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அக்கா, ஒரு பனிச்சப்பாத்தைக் கையில எடுத்த உடன அது நல்லதோ கூடாதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறியள்?" என்று கேட்டீர்கள். "கண்டுபிடிக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு சலாட்டைத் தொடர்ந்து சாப்பிட்டேன். நான் பிகு பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தீர்கள். பிகு இல்லைப் பிள்ளைகள். கையில் எடுத்த உடன் உண்மையாகவே ஏலாது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் நம்பிய நாட்களில்தான் எனக்குப் பெரிய பிழைகள் நடந்தன. அவற்றில் ஒன்றை இங்கே விவரமாக எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது. நீங்கள் டிராமில் போகும்போது வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலை வெளியாருக்கு விளங்கப்படுத்துவதே பெரும்பாடு. இங்கே ஜெர்மனியிலேயே டோர்ட்மண்டில் இருக்கும் என் சொந்தக்காரர் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் "கார்ல்ஸ்ரூஹேயில உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்பார்கள். "சப்பாத்து உடைக்கிறன்" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பனிச்சப்பாத்து உண்மையில் சப்பாத்து அல்ல. காலில் போட்டிருக்கும் சப்பாத்துக்குக் கீழே கட்டிக்கொள்கிற அகலமான தட்டு. புதுப் பனியில் கால் தொடை வரை புதைந்து போகாமல் அது தாங்குகிறது. அடியில் இரும்புப் பல், நடுவில் ஓர் அச்சு, மேலே காலைப் பிடித்து வைக்கப் பட்டிகள். பெரிய மாயமொன்றும் இல்லை. ஆனால் பாதையும் தடமும் இல்லாத மலைச்சரிவில், பட்டி அறுந்து போனவர் ஒரு காலில் நின்றுகொண்டு கடைக்குப் போய் வர முடியாது. அதனால்தான் அவர் கட்டுவதற்கு முன்னால் நாங்கள் அதை வளைத்து, முறுக்கி, உறைய வைத்து, மிதித்து, முடிந்தளவு கொடுமைப்படுத்திப் பார்க்கிறோம்.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் அல்ல. பனிச்சப்பாத்து வாடகைக்கு விடும் எங்கள் நிறுவனத்தின் கட்டடத்துக்குள் முதலில் போனது வாளியோடும் துடைப்பத்தோடும். பல வருடம் தரை துடைத்தேன். பரிசோதனை அறையின் குப்பைத்தொட்டிதான் எனக்குப் பிடித்தமானது. மற்ற அறைகளின் தொட்டியில் கடதாசியும் கோப்பிக் கிண்ணமும் இருக்கும்; அந்தத் தொட்டியில் விதம்விதமான உடைசல் இருக்கும். ஒரு ஆணி ஏன் இந்தப் பக்கம் தேய்ந்து அந்தப் பக்கம் புதிதாய் இருக்கிறது, ஒரே தட்டில் இடது ஓட்டை ஏன் பெரிதாகிவிட்டது என்று பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். ஒருநாள் ஷெஃப், எங்கள் மேலதிகாரி, என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார். "அதில் என்ன பார்க்கிறாய்?" என்று கேட்டார். "இது பாரத்தில் உடையவில்லை. உரசி உரசி உடைந்திருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மனில், சொன்னேன். அவர் அந்த ஆணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த இலைதுளிர் காலத்தில் நான் வாளியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு பரிசோதனை மேசைக்குப் போனேன்.

அங்கே எனக்கு ஆசிரியையாக வாய்த்தவள் எங்கள் நிறுவனத்துக்காரியே அல்ல. எங்களிடம் வாடகைக்கு எடுக்கும் ஒரு மலை வழிகாட்டி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆல்கொய் மலைப்பக்கத்துக்காரி. பேரை எழுதலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பாள். ஆகையால் மலைக்காரி என்றே வைத்துக்கொள்வோம். நான் புதிதில் செய்த பிழை இது: கனமாய் இருந்தால் பலமாய் இருக்கும் என்று நம்பினேன். பளபளவென்று பாரமான ஒரு வகையை நல்லது என்று சான்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் அவள் அதைத் துண்டுகளாக ஒரு பையில் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினாள். சத்தம் போடுவாள் என்று பயந்தேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இது நல்லதா என்று நீ உன்னைக் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். எங்கே முதலில் உடையும் என்று கேள்" என்றாள். இருவரும் சேர்ந்து துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தோம். தட்டு கனமானது, அதைத் தாங்கும் அச்சு பழைய மெல்லிய அச்சுதான். பாரம் கூடக்கூட அச்சுதான் வதைபட்டிருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் முழுக்க எனக்குச் சாப்பாடே நினைவில் இல்லை, அவ்வளவு சுவாரசியமாக இருந்தது.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன். இதில் சரவணன் வருகிறார். ஓம், இன்றைக்கு உங்களுக்கெல்லாம் மேலே இருக்கிற அதே சரவணன்தான். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அக்கா, ஆனா அந்த ஸ்கேல் மேட்டர மட்டும் விட்டுடுங்க" என்றார். அதை விட்டால் கதையே இல்லை.

அப்போது அவர் வேலைக்கு வந்து ஐந்து மாதம். கோயம்புத்தூர்ப் பிள்ளை. கார்ல்ஸ்ரூஹேயிலேயே மேற்படிப்பு முடித்துவிட்டு நேரே எங்களிடம் வந்தவர். நான் பேசும் யாழ்ப்பாணத் தமிழில் பாதி அவருக்குப் பகிடியாக இருக்கும், அவருடைய தமிழில் பாதி எனக்கு இங்கிலிஷாக இருக்கும். ஆனாலும் டொச் அறையொன்றில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோசத்தில் எங்களுக்குள் எல்லாம் விளங்குகிறது என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பனிக்காலத்தில் எங்கள் குளிர் அறை பழுதாகிக் கிடந்தது. பட்டிகளையும் தட்டுகளையும் மைனஸ் முப்பது வரை உறைய வைத்துப் பார்க்கும் பெட்டி அது. திருத்துகிறவர் வருவதற்கு டெர்மின், அதாவது நாள், கேட்டால் இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்தார்கள். இதற்கிடையில் புதுச் சரக்கு வரவிருந்தது. போன வருடம் வாங்கிய அதே வகை. அதே வகை என்றால், குளிர்ச் சோதனை இல்லாமல், ஒவ்வொரு பாகத்தையும் கண்ணாலும் கையாலும் கவனமாய்ப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறு நேரமென்றால், சந்தேகம் வந்ததைக் குளிர் அறையில் போட்டுப் பார்க்கலாம் என்பதால், அதில் ஆபத்து இல்லை. இந்த முறை பார்க்கிற கண்ணை மட்டுமே நம்பியிருந்தோம்.

சரக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. நான் டோர்ட்மண்டில் நின்றேன். என் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. மண்டபத்தில் முந்நூறு பேர், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், என் ஒரு கையில் ஆலாத்தித் தட்டு. மற்றக் கையில் கைபேசி அடித்தது.

"அக்கா, புது பேட்ச் வந்துடுச்சு" என்றார் சரவணன். "மலைக்காரி மேடம் நேர்லயே வந்து நிக்கறாங்க. திங்கக்கிழமை காலைல ட்ரிப்பாம், ஏழு பேரு. ஏழு செட் கேக்கறாங்க. குடுக்கலாமா?"

"வடிவாப் பாத்திட்டுக் குடுங்கோ" என்றேன்.

"வடிவா?"

"ஓம். நல்ல வடிவாப் பாருங்கோ!"

"ஓகே அக்கா. வடிவு பாத்துட்டு குடுத்துடறேன்."

நான் தட்டோடு மேடைக்கு ஓடினேன். சொன்ன சொல்லை அவர் திருப்பிச் சொன்னார்; ஆகவே விளங்கிவிட்டது என்று இருந்துவிட்டேன். மனிதர் நாம் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் விளங்கிக்கொண்டார் என்று அர்த்தமில்லை. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் வேலைக்கு வந்தபோது சரவணன் முகமெல்லாம் பெருமையாகத் தாள்களை நீட்டினார். ஒவ்வொரு சட்டத்தின் நீளம், அகலம், வளைவு எல்லாம் மில்லிமீற்றர் கணக்கில். இடதும் வலதும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று அடிமட்டம் வைத்து அளந்து, படம் கூடக் கீறியிருந்தார். இவ்வளவு அழகாய் ஒரு பிள்ளை வேலை செய்திருக்கிறதே என்று நினைத்தபடி அலுமாரியில் மிஞ்சியிருந்த ஒரு சோடியை எடுத்தேன். பழக்கத்தில் பட்டியை மூக்குக்குக் கொண்டுபோனேன். நல்ல பட்டிக்குப் பெரிதாய் மணம் இருக்காது. இதில் புதிதாய் வாங்கிய குளியலறைத் திரையின் மணம் அடித்தது. போன வருடப் பட்டியும் பக்கத்தில் கிடந்தது. நிறம் ஒன்று, தடிப்பு ஒன்று, கொளுக்கி ஒன்று. மணம் மட்டும் வேறு. சட்டத்தைச் செய்தவர்கள் பட்டியை மட்டும் வேறு எங்கேயோ வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தது. அந்த மாதிரி மணமுள்ள பொருள் அறைச் சூட்டில் ரப்பர் போல வளையும். குளிரில் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

குளிர் அறை பூட்டிக் கிடந்தது. மலைக்காரி ஏழு பேரோடு எட்டு மணிக்கே நடக்கத் தொடங்குவாள். மத்தியானம் தாண்டி ஒரு மலைக் குடிலில் தங்குவது, அடுத்த நாள் அதற்கு அப்பால், தடமே இல்லாத முகட்டைக் கடப்பது, அதுதான் அவர்களின் திட்டம். அவர்கள் காலில் இதே பட்டி. வெறும் மணத்தைச் சொல்லி அவர்களைத் திருப்ப முடியாது; உறைய வைக்க ஓர் இடம் வேண்டும், உடனே வேண்டும். எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் மைனஸ் இருபதுக்குக் கிட்ட இருக்கக்கூடிய பெட்டி ஒன்றுதான், எங்கள் தமிழ்க் கடையில் மீன் வைக்கிற பெட்டி.

சரவணனையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்கார அண்ணை அப்போதுதான் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கட மீன் பெட்டியில ஒரு முக்கால் மணித்தியாலம் இடம் தாங்கோ" என்று பட்டிகளை நீட்டினேன்.

"என்ன தங்கச்சி இது? சப்பாத்து வாரைக் கொண்டுவந்து அறக்குளா மீனுக்குப் பக்கத்தில வைக்கச் சொல்லுறியள். வாற சனம் என்ன நினைக்கும்?"

"பையில சுத்தித்தான் வைக்கிறன். ஏழு பேரின்ர உயிர்க் காரியம் அண்ணை."

அண்ணை உடனே பெட்டியைத் திறந்தார். முருங்கைக்காய்ப் பொதிகளை ஒதுக்கி இடம் செய்து தந்துவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். நாங்கள் பெட்டிக்கு முன்னால் நின்றோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். சும்மா நிற்க முடியாமல், "சனிக்கிழமை பட்டியை மடிச்சுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன். குற்றம் சொல்லக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டேன்.

சரவணன் முழித்தார். "பட்டியா? இல்லக்கா. நீங்க வடிவம்தானே பாக்கச் சொன்னீங்க. அதான் ஃப்ரேம் எல்லாம் ஸ்கேல் வெச்சு செக் பண்ணேன். ஒரு செட் கூட வளைஞ்சிருக்கல."

"நான் எங்க வடிவம் எண்டு சொன்னனான்? வடிவாப் பாருங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

"ஆமா, வடிவத்தப் பாருங்கன்னு..."

தேத்தண்ணியோடு வந்த அண்ணை இதைக் கேட்டு நின்றுவிட்டார். "தம்பி, நாங்கள் வடிவா எண்டா கவனமா எண்டு அர்த்தம். வடிவாச் சாப்பிடுங்கோ, வடிவா எழுதுங்கோ, வடிவாப் பூட்டிப்போட்டு வாங்கோ. உங்கட ஊரில அப்பிடி இல்லையோ?"

சரவணன் கிண்ணத்தை அப்படியே பெட்டி மேல் வைத்தார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்திருக்கிறார். நான் சொன்னதாக அவர் நினைத்ததைச் செய்திருக்கிறார். பிறந்ததிலிருந்து வாயில் புழங்கிய ஒரு சொல்லால் ஏழு பேரை மலைக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

ஒன்பதே காலுக்குப் பெட்டியைத் திறந்தோம். போன வருடப் பட்டியை முதலில் வளைத்தேன். கொஞ்சம் விறைத்திருந்தது, ஆனால் வளைந்தது. புதுப் பட்டியை வளைத்தேன். பொரித்த அப்பளம் போல, கொளுக்கிக்குப் பக்கத்து ஓட்டையில் இரண்டாய்ப் போனது. இன்னொன்றை வளைத்தேன். அதுவும் அதே இடத்தில் போனது.

மலைக்காரிக்குத் தொலைபேசி எடுத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. ஷெஃப்புக்கு எடுத்தேன். அவர் நல்ல மனிதர், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "மீன் பெட்டியில் செய்தது சோதனை அல்ல. அதன் உள்ளே எத்தனை பாகை என்றே சரியாய்த் தெரியாது. மேலே இன்றைக்கு மைனஸ் பதினொன்று என்றுதான் வானிலை சொல்கிறது. அந்த ஏழு பேர் ஒரு வருடமாய் இந்தப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள். வியாழக்கிழமை குளிர் அறை சரியாகிவிடும், ஒழுங்காய்ச் சோதித்துவிட்டுப் பேசுவோம்" என்றார்.

பிள்ளைகள், இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பெட்டியின் பாகை எனக்குத் தெரியாது. மைனஸ் பதினொன்றில் பட்டி என்ன செய்யும் என்றும் தெரியாது. என்னிடம் இருந்தவை இரண்டு உடைந்த பட்டிகளும் ஒரு மணமும்தான். நான் பிழை என்றால் ஏழு பேருடைய விடுமுறை கெடும், எங்கள் பெயர் கெடும், மலைக்காரி இனி வேறு இடத்தில் வாடகைக்கு எடுப்பாள். அவர் பிழை என்றால்? திரும்பி வந்தவர்களை இன்னொரு நாள் மேலே அனுப்பலாம். முகட்டில் நிற்கிறவர்களை அப்படிக் கீழே எடுக்க முடியாது. "ஷெஃப், வியாழக்கிழமைதான் எனக்குத் தெரியவரும். அவர்களுக்கு நாளைக்கே தெரிந்துவிடும்" என்றேன். அவர் "உன் முடிவு" என்றார். அது அனுமதியா மிரட்டலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நாங்கள் பரிசோதனை அறைக்குத் திரும்பினோம். அங்கிருந்து நான் அவளுக்கு எடுத்துக்கொண்டே இருந்தேன். பத்தே முக்காலுக்கு மலைக்காரியின் குரல் கேட்டது. காற்று இரைந்தது. எல்லாம் சொன்னேன், மீன் பெட்டியையும் சேர்த்து. அவள் பதறவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்கே முதலில் உடையும்?"

"குதிக்காலைச் சுற்றி வருகிற பட்டி. கொளுக்கிக்குப் பக்கத்து ஓட்டை."

"அப்படியே இரு. வைக்காதே."

அவள் யாரையோ உட்காரச் சொல்வது கேட்டது. கொளுக்கி திறக்கும் சத்தம். பிறகு, "வளைக்கிறேன். உடையவில்லை" என்றாள். இன்னொருவருடையது. "உடையவில்லை." பக்கத்தில் சரவணன் ஒலிபெருக்கியைப் போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டேன். மூன்றாவதும் உடையவில்லை என்றாள். ஷெஃப் சொன்னதுதான் சரி, நான் மீன் பெட்டியை நம்பிப் பைத்தியக்காரியாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது சரவணன் மெதுவாக, "அக்கா, எல்லாம் கால்ல கட்டியிருக்கறது. நடந்து நடந்து சூடாகியிருக்கும்ல?" என்றார். நான் அதை அப்படியே டொச்சில் சொன்னேன்.

"என் முதுகுப்பையின் வெளியே இதே சரக்கில் நீங்கள் தந்த மேலதிகப் பட்டி ஒன்று தொங்குகிறது" என்றாள் மலைக்காரி. "காலையிலிருந்து குளிரில் தொங்குகிறது."

பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் எங்களுக்கு விளக்கம் சொல்லவே தேவை இருக்கவில்லை. சரவணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்றிரவு இவையெல்லாம் குடிலுக்கு வெளியே, பனியில் கிடந்திருக்கும்" என்றாள் அவள். "காலையில் கட்டிக்கொண்டு முகட்டுக்குப் போயிருப்போம்." பிறகு தன் ஆட்களை எழும்பச் சொன்னாள். "திரும்புகிறோம். நடந்துகொண்டே இருப்போம், பட்டி ஆறவிட மாட்டேன்."

கீழே இறங்க அவர்களுக்கு மூன்று மணித்தியாலம் ஆகும். அந்த மூன்று மணித்தியாலத்தில் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சரவணன் தன்னுடைய அளவுத் தாள்களை எடுத்துப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாய் இருந்தார். "என் ப்ரொபேஷன் அடுத்த மாசம் முடியுது அக்கா" என்று ஒருமுறை சொன்னார். பிறகு, "அது இப்ப முக்கியமில்ல, சும்மா சொன்னேன்" என்றார். நான் அவருக்கு ஆறுதலாய் ஏதும் சொல்லியிருக்கலாம். ஏழு பேரும் எந்த வயதுக்காரர், அவர்களில் யாருக்காவது பிள்ளைகள் இருக்கிறார்களா என்றெல்லாம் மனம் தேவையில்லாமல் தேடிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி ஆகிற நேரம் கைபேசி அடித்தது. "கார் தரிப்பிடத்தில் நிற்கிறோம். ஏழு பேரும். வழியில் ஒரு இடத்தில் தேநீர் குடிக்க நின்றோம், அதற்குள் மூன்று பட்டி போய்விட்டது. கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தோம்." சரவணன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து நெடுநேரம் முகம் கழுவினார். நான் இருந்த இடத்திலேயே அழுதேன். அழுதுவிட்டு, ஆறவிட மாட்டேன் என்று சொன்னவளைத் தேநீர் குடிக்க யார் நிற்கச் சொன்னது என்று எனக்குக் கோபமும் வந்தது.

அடுத்த நாள் மலைக்காரி உடைந்த பட்டிகளை என் மேசையில் வரிசையாக அடுக்கினாள். ஷெஃப்பும் வந்தார். முதல் காரியமாக, "நேற்று நான் சொன்னது பிழை" என்றார். பிறகு பிழை அறிக்கைத் தாளை எடுத்துக் காரணம் என்ற கட்டத்தில் பேனையை வைத்தார். "பார்த்துக் கொடுத்தது யார்?"

"நான்" என்றார் சரவணன்.

"பார்க்கச் சொன்னது நான்" என்றேன். "அவர் நான் சொன்னதைத்தான் பார்த்தார். சொல் பிழைத்துவிட்டது." வடிவு என்றால் அழகு, வடிவம் என்றால் உருவம், எங்கள் ஊரில் வடிவாய் என்றால் கவனமாய், குறைவில்லாமல், முழுதாய் என்று விளக்கினேன். விளக்க விளக்க அது எனக்கே தப்பிக்கச் சொல்லும் ஒரு சாட்டுப் போலத்தான் கேட்டது. ஒரே மொழி பேசும் இரண்டு பேர் ஒரே சொல்லில் இப்படி முட்டிக்கொள்வார்களா என்று எந்த ஜெர்மன்காரர் நம்புவார்?

ஷெஃப் பேனையை வைத்தபடியே, "அழகு என்கிற சொல்லுக்குக் கவனம் என்றும் அர்த்தமா?" என்று சந்தேகமாய்க் கேட்டார்.

மலைக்காரி சிரித்துவிட்டாள். "ஏன், நாங்கள் மட்டும் என்ன செய்கிறோம்? சரிவில் என் ஆட்களுக்கு நான் என்ன சொல்கிறேன்? 'ஷேன் லங்ஸாம்.' அழகாய் மெதுவாய். உங்கள் மகள் சைக்கிளில் போகும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? 'ஷேன் ஔஃப்பாஸன்.' அழகாய்க் கவனி." ஷெஃப் அந்த இரண்டையும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்கு அது பிடிபட்ட விதத்தைப் பார்த்துச் சரவணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோயம்புத்தூருக்கு விளங்காத யாழ்ப்பாணத் தமிழ் ஆல்கொய்காரிக்கு விளங்கிவிட்டதே என்கிற பார்வை. இரண்டு நாளில் முதல் தடவையாய் எனக்குச் சிரிப்பு வந்தது.

அறிக்கையில் ஷெஃப் யார் பெயரையும் எழுதவில்லை. பழைய வழக்கத்தையும் அன்றோடு நிறுத்தினார். குளிர்ச் சோதனை இல்லாமல் எதுவும் வெளியே போகக்கூடாது. சரவணனின் சோதனைக் காலம் அடுத்த மாதம் சத்தமில்லாமல் முடிந்தது. நீங்கள் தினமும் நிரப்புகிற பரிசோதனைத் தாளில், எல்லாக் கட்டங்களுக்கும் கீழே, கடைசியாய் 'Wadiwa' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது ஏதோ இயந்திரத்தின் பெயர் என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னீர்கள். அதை அன்றைக்கு அந்தத் தாளில் கையால் எழுதியவள் மலைக்காரி. அது எதைப் பற்றிய கட்டமும் அல்ல. மேலே உள்ள எல்லாவற்றையும் நிரப்பியபிறகு, எங்கே முதலில் உடையும் என்று உங்களையே இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பதற்கான கட்டம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சரக்கு எடுக்க முன்னால் அவள் தொலைபேசியில் ஒரே சொல்தான் கேட்பாள். "வடிவா?" நான் ஓம் என்பேன், அல்லது ஏலாது என்பேன். ஏலாது என்றால் அவள் ஏன் என்று கேட்டு வாதாடியதே இல்லை. வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வாள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டி, பூங்கொத்துத் தந்து, ஆளுக்கொரு பகிடி சொல்லி முடித்துவிட்டார்கள். சாவிகளைச் சரவணனிடம் கொடுத்துவிட்டு மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. அவர் எடுத்தார். ஒலிபெருக்கியில் அவள் குரல், பின்னால் காற்று.

"வடிவா?"

அவளுக்கான ஒன்பது சோடியும் அன்று காலையிலேயே பார்த்து, கட்டம் நிரப்பி, கதவோரம் அடுக்கியிருந்தன. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். அவர் பதில் சொல்லாமல் தொலைபேசியை மேசையில் வைத்தார். போய்க் கதவோரம் குந்திக்கொண்டார். ஒவ்வொரு சோடியாய் எடுத்துப் பட்டியை மூக்கில் வைத்து மணந்தார், வளைத்தார், ஆணியைத் தடவினார், அச்சை ஆட்டினார். ஐந்து நிமிடம் இருக்கும். அந்தப் பக்கம் மலைக்காரி கூப்பிடவும் இல்லை, வைக்கவும் இல்லை. எனக்கு இரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நானும் அசையவில்லை.

பிறகு அவர் எழுந்து வந்து தொலைபேசியை எடுத்தார்.

"ஓம்" என்றார்.